மந்தம் விலகிய பிறகு வண்டித் தொழிற்சாலையில் வேலை: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர், ஓசூர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கிராமங்களில் பல வீடுகளுக்கு இந்தப் பெயர்கள் இன்று நல்ல பழக்கம். வீட்டில் ஒரு பிள்ளை அங்கே கார் கம்பெனியிலோ பார்ட்ஸ் கம்பெனியிலோ இருப்பான், அல்லது இருந்துவிட்டுத் திரும்பி வந்திருப்பான். விற்பனை படுத்து மறுபடி எழும்போதெல்லாம் "ஆள் எடுக்கிறார்களாமே" என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கிவிடும். ஐடிஐயில் ஃபிட்டர் பயிற்றுநராக இருந்தவன் நான். மாணவர்களும் அவர்களுடைய அப்பா அம்மாவும் என்னிடம் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்று பார்க்கும் முன், எந்த மாதிரி வேலை ஆர்டரை (நியமனக் கடிதத்தை) கையில் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லா பதில்களிலும் நான் சொல்ல வருவது பெரும்பாலும் இதுதான்.

"5,000 பேருக்கு வேலை" என்று செய்தி வருகிறது. உடனே கிளம்பிப் போகலாமா?

போகாதீர்கள். செய்தியில் வரும் எண், திட்டம் முழுவதும் முடியும்போது இருக்க வேண்டிய ஆள் கணக்கு. பல சமயம் அதில் நேரடி வேலையும் மறைமுக வேலையும் சேர்ந்தே இருக்கும். மறைமுகம் என்றால் பார்ட்ஸ் கம்பெனி, லாரி ஓட்டுநர், கேன்டீன், காவலாளி, துப்புரவு எல்லாம் அடக்கம். ஆலைக்குள் லைனில் நிற்கப்போகிறவர்கள் அதில் ஒரு பங்குதான்.

காலக் கணக்கு திட்டத்துக்குத் திட்டம் மாறும். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள். இது மிக வேகம். மறைமலை நகர் ஃபோர்டு கதை வேறு. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள், 2022ல் அங்கே கடைசிக் கார் வெளியே வந்தது. ஆலையை மறுபடி பயன்படுத்தப் போவதாக 2024ல் சொன்னார்கள். 2025 அக்டோபர் கடைசியில் 3,250 கோடி ரூபாயில் எஞ்சின் தயாரிப்பு, 600 பேருக்கு மேல் வேலை, உற்பத்தி 2029ல் என்று ஒப்பந்தம் வந்தது. மூடியபோது வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில். திரும்ப வருவது நூற்றுக்கணக்கில், அதுவும் சில வருஷம் கழித்து. ஆலை திரும்ப வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதற்காக 2021ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவரிடம் "உங்கள் வேலை வந்துவிட்டது" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால் அடிக்கல் செய்தியைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்காதீர்கள். ஆட்தேர்வு அறிவிப்பு கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ, ஐடிஐ வளாகத் தேர்விலோ, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாமிலோ வரும்போது கிளம்புங்கள்.

விற்பனை கூடிவிட்டது என்கிறார்கள். அப்படியும் ஏன் ஆள் எடுக்காமல் இருக்கிறார்கள்?

லைன் ஓடும் முறை தெரிந்தால் இது விளங்கும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 8 மணி நேர ஷிப்டில் சாப்பாடு, டீ நேரம் போக ஏழரை மணி நேரம் லைன் ஓடுகிறது, 2 நிமிஷத்துக்கு ஒரு வண்டி வெளியே வருகிறது. ஒரு ஷிப்டுக்கு 225 வண்டி. மந்தத்தில் இந்த ஆலை ஒரே ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஆர்டர் பத்து சதவீதம் கூடுகிறது. கூடுதலாக 22 வண்டி வேண்டும். இருக்கிற ஆட்களை 45 நிமிஷம் ஓ.டி. (ஓவர்டைம்) பார்க்கச் சொன்னால் போதும், புது ஆள் ஒருவர்கூட வேண்டாம். அதற்கும் முன்னால் டீலர் யார்டிலும் ஆலை யார்டிலும் விற்காமல் நிற்கிற வண்டிகளை விற்றுத் தீர்ப்பார்கள். அது முடிந்தால் ஓ.டி., அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வேலை. இதெல்லாம் போதாமல், இந்த ஆர்டர் சில மாதமாவது நிற்கும் என்று நிர்வாகத்துக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் இரண்டாவது ஷிப்டைத் திறப்பார்கள்.

இரண்டாவது ஷிப்ட் வந்தால் பத்துப் பத்துப் பேராக எடுக்க முடியாது. லைனில் இருக்கிற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆள் நிற்க வேண்டும். ஒரு ஸ்டேஷன் காலியாக இருந்தாலும் லைன் ஓடாது. அதனால் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான பேரை எடுப்பார்கள். ஊரில் "திடீரென்று எடுக்கிறார்கள்" என்று பேசிக்கொள்வது இதைத்தான். குறைக்கும்போதும் இதே கதைதான், ஷிப்டை மூடினால் அந்த ஷிப்ட் ஆட்கள் மொத்தமாக வெளியே வருவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆலைக்குள் உள்ள எல்லா ஷாப்பும் (பிரிவும்) ஒரே அளவில் ஆள் கேட்காது. பாடி ஷாப்பில் வெல்டிங்கைப் பெரும்பாலும் ரோபோ செய்கிறது, பிரஸ் ஷாப்பிலும் ஆள் குறைவு. இருக்கை, டேஷ்போர்டு, வயரிங், சக்கரம் எல்லாம் பூட்டுகிற அசெம்பிளி லைன்தான் இன்னும் மனிதக் கைகளை நம்பி ஓடுகிறது. புதிதாகப் போகும் நம் பிள்ளைகளில் பலர் முதலில் நிற்பது அங்கேதான்.

போன மந்தத்தில் என்னதான் நடந்தது?

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது நமக்கெல்லாம் தெரியும். பேராவூரணி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்தது. தென்னங்கன்று காய்க்க வருஷங்கள் ஆகும். அதுவரை வீட்டுக்கு வருமானம் வேண்டும் என்று பல பிள்ளைகள் வடக்கே கிளம்பினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த நேரம் வண்டித் தொழில் இறங்க ஆரம்பித்த நேரம்.

அந்த இறக்கத்துக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 2018 செப்டம்பரில் ஐஎல்&எஃப்எஸ் நிதி நிறுவனம் கடன் கட்ட முடியாமல் விழுந்தது. அதைத் தொடர்ந்து, வண்டிக்குக் கடன் தரும் தனியார் நிதி நிறுவனங்களிடம் பணம் வறண்டது. அதே 2018ல் லாரிகள் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று மத்திய அரசு விதியை மாற்றியது. இருக்கிற லாரியே அதிக சரக்கை இழுக்கும்போது புது லாரி எதற்கு? 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு அளவு) வண்டிதான் விற்கலாம் என்ற விதி வேறு வந்தது. பொறுத்து வாங்கலாம் என்று மக்கள் நின்றுவிட்டார்கள்.

2018-19ல் நாடு முழுக்க 33.77 லட்சம் பயணிகள் வாகனங்கள் விற்றன. மறு வருஷம் 27.73 லட்சம், கொரோனா வருஷமான 2020-21ல் 27.11 லட்சம். லாரி, வேன் போன்ற வணிக வாகனங்கள் இன்னும் மோசம்: 10 லட்சத்துக்கு மேல் இருந்தது இரண்டே வருஷத்தில் 5.7 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் எண்ணூரில் 16 நாள், ஓசூரில் 5 நாள் உற்பத்தி கிடையாது என்று அறிவித்தது. தாய்க் கம்பெனி 16 நாள் நின்றால், அதற்கு பிராக்கெட்டும் போல்ட்டும் செய்யும் சின்னப் பட்டறையில் ஒரு மாதச் சம்பளமே ஆட்டம் கண்டுவிடும்.

பிறகு 2021ல் வண்டிக்குள் வைக்கும் மின்னணுச் சிப்புக்குத் தட்டுப்பாடு. வாங்க ஆள் இருந்தும் வண்டி செய்ய முடியவில்லை. 2022-23ல்தான் பயணிகள் வாகன விற்பனை 38.9 லட்சத்துக்கு ஏறி, பழைய உச்சத்தைத் தாண்டியது. வணிக வாகனம் அந்த வருஷமும் 9.6 லட்சம்தான், 2018-19ஐத் தொடவில்லை. கார் எழுந்தால் லாரியும் கூடவே எழும் என்று நினைக்காதீர்கள். எந்த வண்டி செய்யும் ஆலை என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டிராக்டர் இதற்கு நேர்மாறாகப் போனது. கார் படுத்த அதே 2020-21ல் நாட்டில் ஏறத்தாழ 9 லட்சம் டிராக்டர் விற்றது. ஊரடங்கிலும் விவசாயம் நிற்கவில்லை, நெல்லும் கோதுமையும் கொள்முதல் ஆயின. ஆலை மூடிக் கிடந்த நேரத்தில் டிராக்டர் லைனை ஓடவைத்தது உழவர் கைக்கு வந்த கொள்முதல் பணம். இதை நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மந்தத்தில் முதலில் யாரை அனுப்புவார்கள்? அவர்களைத் திரும்ப எடுக்கும்போது முன்னுரிமை உண்டா?

முதலில் போவது காண்ட்ராக்ட் ஆட்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு "நாளை முதல் இத்தனை பேர் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அடுத்து டிரெய்னிகள், காலக்கெடு முடிகிறவர்கள். பெர்மனென்ட் தொழிலாளிக்கு லே-ஆஃப் கொடுப்பார்கள், அதாவது வேலை இல்லாத நாளுக்குப் பாதிச் சம்பளம். ஆட்குறைப்பு செய்தால் வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும்.

முன்னுரிமை உண்டா என்றால், நேரடியாகக் கம்பெனியின் ஆளாக இருந்து ஆட்குறைப்பில் போனவருக்கு உண்டு. பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. புதியதில் ஒரு நிபந்தனை: ஆட்குறைப்பு நடந்த ஒரு வருஷத்துக்குள் அந்தக் கம்பெனி ஆள் எடுத்தால்தான் அந்த முன்னுரிமை. மந்தம் ஒன்றரை, இரண்டு வருஷம் நீடிப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒரு வருஷம் என்பது தொழிலாளிக்குப் போதாது என்பது என் கருத்து.

காண்ட்ராக்டில் போனவருக்கு இந்த உரிமை நடைமுறையில் கைக்கு வருவதில்லை. அவரைக் காப்பாற்றுவது பழைய சூப்பர்வைசரின் ஃபோன் நம்பரும் ஒழுங்காக வாங்கி வைத்த அனுபவச் சான்றும்தான்.

அப்ரண்டிஸ், டிரெய்னி, எஃப்டிஇ, காண்ட்ராக்ட் என்று ஏதேதோ சொல்கிறார்கள். எது நல்லது?

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். எல்லாரும் ஒரே யூனிஃபார்ம், ஒரே லைன், ஒரே கேன்டீன். வித்தியாசம் காகிதத்தில் இருக்கிறது.

அப்ரண்டிஸ் என்பவர் 1961ஆம் ஆண்டு சட்டப்படி பயிற்சியாளர், தொழிலாளி கிடையாது. அவருக்கு வருவது உதவித்தொகை. 2019ல் திருத்திய விதிப்படி குறைந்தபட்சம் ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று வைத்தார்கள். பெரிய கம்பெனிகள் இதைவிடக் கூடவே தருகின்றன. முடிவில் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும், அதற்கு வெளியே நல்ல மதிப்பு உண்டு. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. மந்தத்துக்குப் பிறகு நிர்வாகங்கள் அப்ரண்டிஸை அதிகம் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 19 வயதுப் பிள்ளைக்கு அப்ரண்டிஸ் நல்ல தொடக்கம். கல்யாணம் ஆன 27 வயதுக்காரருக்கு அது குடும்பம் நடத்தப் போதாது.

எஃப்டிஇ என்றால் குறிப்பிட்ட காலத்துக்குக் கம்பெனியே நேரடியாகத் தரும் வேலை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று ஆர்டரிலேயே எழுதியிருக்கும். அதே வேலை செய்யும் பெர்மனென்ட் ஆளுக்கு உள்ள சம்பளமும் சலுகையும் இவருக்கும் தர வேண்டும் என்கிறது சட்டம். புதிய சட்டத் தொகுப்பில் ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. காலம் முடிந்தால் வேலை முடிந்தது, ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது. அது ஒரு குறைதான். அப்படியும் நடுவில் ஏஜென்சி இல்லாததால் காண்ட்ராக்டைவிட இது எவ்வளவோ மேல்.

காண்ட்ராக்டில் உங்கள் முதலாளி ஏஜென்சி. சம்பளம், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் அவர்கள் கையில். ஒழுங்கான ஏஜென்சியும் உண்டு, பிஎஃப்பைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. சட்டப்படி ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் தாய்க் கம்பெனி தர வேண்டும். இது தெரியாமல் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

டிரெய்னி என்பதில்தான் குழப்பம் அதிகம். சில இடத்தில் அது பெர்மனென்டுக்கு முந்தைய படி, சில இடத்தில் அது வெறும் பெயர். ஆர்டரில் "பயிற்சிக் காலம் திருப்திகரமாக முடிந்தால் நிரந்தரம் செய்யப்படும்" என்று இருக்கிறதா, "பயிற்சி முடிந்ததும் தானாக முடிவுக்கு வரும்" என்று இருக்கிறதா? இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். இங்கிலீஷில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

480 நாள் வேலை பார்த்தால் பெர்மனென்ட் என்கிறார்களே, உண்மையா?

தமிழ்நாட்டுக்கென்று 1981ல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. தொடர்ந்து 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் இருக்கிறது, ஆனால் 480ஆவது நாள் யாரும் கடிதத்தோடு வந்து நிற்க மாட்டார்கள். நாள் கணக்கைக் காட்டும் பேஸ்லிப் (சம்பளச் சீட்டு), வருகைப் பதிவு எல்லாம் உங்களிடம் இருக்க வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம். அப்ரண்டிஸாக இருந்த நாட்கள் இதில் சேராது. 400 நாள் தாண்டியதும் "கொஞ்ச நாள் ஊருக்குப் போய்விட்டு வா, புது ஆர்டர் போடலாம்" என்று சொன்னால் அது எதற்காக என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் தனியாக நிற்பதைவிட சங்கத்தோடு நிற்பது பலன் தரும்.

சம்பளம் 18,000 என்றால் கையில் எவ்வளவு வரும்?

அந்த 18,000ல் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,440 பிடிப்பார்கள். இஎஸ்ஐ 0.75 சதவீதம், 135 ரூபாய். கையில் 16,425. கேன்டீன், கம்பெனி பஸ்ஸுக்குப் பிடித்தம் இருந்தால் அதுவும் போகும். இஎஸ்ஐக்கு முதலாளி தனியாக 3.25 சதவீதம் கட்ட வேண்டும், அந்தப் பங்கை உங்கள் சம்பளத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். "சிடிசி" (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்று பெரிதாக ஒரு தொகை சொன்னால் முதலாளியின் பிஎஃப் பங்கும் அதற்குள் இருக்கும், மயங்க வேண்டாம்.

நாலைந்து பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கினால்தான் ஊருக்குப் பணம் அனுப்ப முடியும். சாப்பாடு கம்பெனியில் எத்தனை வேளை என்று முதலிலேயே கேளுங்கள். சேமிப்பு இருக்குமா இருக்காதா என்பதே இதில்தான் முடிவாகிறது.

என்ன படித்தால் எடுப்பார்கள்?

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மோட்டார் மெக்கானிக், மெஷினிஸ்ட், டர்னர், வெல்டர். ஐடிஐயில் இந்தப் பிரிவுகளுக்கு எப்போதும் தேவை உண்டு. தமிழக அரசு 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரோபோ, சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) எல்லாம் வைத்து மேம்படுத்தியிருக்கிறது. சேருவதற்கு முன் நேரில் போய் அந்த மெஷின்களில் மாணவர்களைக் கை வைக்க விடுகிறார்களா என்று பாருங்கள்.

பி.இ. முடித்துவிட்டு ஆபரேட்டர் வேலைக்குப் போவதைப் பற்றிப் பல பெற்றோர் வருத்தத்தோடு கேட்கிறார்கள். மந்தத்துக்குப் பிந்தைய ஆள் எடுப்பில் பி.இ. பிள்ளைகள் ஐடிஐ, டிப்ளமோ வேலைகளுக்கு வந்து நிற்பது நடக்கிறது. சில கம்பெனிகள் லைன் வேலைக்கு பி.இ.யை எடுப்பதே இல்லை, விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். போகலாமா என்றால், ஆறு மாதத்துக்குள் குவாலிட்டி, மெயின்டனன்ஸ், புரொடக்‌ஷன் பிளானிங் மாதிரி ஏதாவது ஒரு பக்கம் நகர வழி இருந்தால் போகலாம். படிப்பை மறைத்துவிட்டுச் சேராதீர்கள். பின்னால் பதவி உயர்வு வரும்போது அது முட்டுக்கட்டை ஆகும்.

ஒருவர் 50,000 கொடுத்தால் பெர்மனென்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். எந்த நல்ல கம்பெனியும் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை. யூனிஃபார்ம் டெபாசிட், மெடிக்கல் செலவு என்று முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏஜென்சி பக்கமே போகாதீர்கள், நகலைக் கொடுங்கள் போதும். பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வெட்கப்பட்டுச் சும்மா இருந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையும் ஏமாறும்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்பலாம். வயரிங், எலக்ட்ரானிக்ஸ், அசெம்பிளி, குவாலிட்டிப் பிரிவுகளில் பெண்களை விரும்பி எடுக்கிறார்கள். புதிய சட்டத் தொகுப்பின்படி பெண்களின் சம்மதத்தோடும், போக்குவரத்து, பாதுகாப்பு ஏற்பாட்டோடும் மட்டுமே இரவு ஷிப்ட் தரலாம். தங்குவதற்கு அரசின் தோழி விடுதிகள் சில ஊர்களில் இருக்கின்றன. கம்பெனி விடுதி என்றால் அம்மாவோ அக்காவோ ஒரு தடவை போய் அறை, கழிப்பறை, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரட்டும். மகளின் சம்பளம் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

மின்சார வண்டி வந்தால் இருக்கிற வேலையும் போய்விடுமா?

எஞ்சின், கியர்பாக்ஸ் பக்கம் வேலை குறையும், மின்சார வண்டியில் எஞ்சினே இல்லை, பல கியர் மாற்றும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் இல்லை. பேட்டரி பேக், வயரிங், மோட்டார், சோதனைப் பிரிவுகளில் கூடும். ஒரே ஆளை இங்கிருந்து அங்கே மாற்றிவிடலாம் என்று சொல்வது சுலபம். மெஷினிஸ்டாகப் பத்து வருஷம் இருந்தவருக்கு உயர் மின்னழுத்தப் பாதுகாப்பைக் கற்றுக்கொடுக்க ஆலை நேரம் ஒதுக்க வேண்டும். அந்தச் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இப்போது ஐடிஐ சேரப்போகிற பிள்ளை எலக்ட்ரீஷியன் அல்லது எலக்ட்ரானிக் மெக்கானிக் எடுத்தால் இரண்டு பக்கமும் வழி இருக்கும்.

இந்த ஆலையை டெல்டாவிலேயே வைத்தால் என்ன?

பல பேர் 2020ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் காரணம் சொல்கிறார்கள். அந்தச் சட்டம் தடை செய்வது துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்காலைகள், இரும்பு ஆலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு எடுத்தல் போன்றவற்றை. வண்டி அசெம்பிளி அந்தப் பட்டியலில் இல்லை.

ஆலை வராததற்குக் காரணம் வேறு. கார் ஆலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான பார்ட்ஸ் கம்பெனிகள் வேண்டும், பக்கத்திலேயே ஏற்றுமதித் துறைமுகம் வேண்டும். சென்னையில் இரண்டும் பல வருஷமாக வளர்ந்து நிற்கின்றன. நம்மிடம் இருப்பது மா கணக்கில் துண்டுபட்ட நஞ்சை. அந்த நஞ்சையை மண்ணடித்து மேடாக்கி ஆலை கட்டுவதை நான் விரும்ப மாட்டேன். வாய்க்கால் ஒரு இடத்தில் அடைபட்டால் கடைமடை வரை தண்ணீர் போகாது.

ஆனால் செங்கிப்பட்டி, வல்லம் பக்கத்து மேட்டு நிலத்தில் பண்ணை இயந்திர பாகங்கள் செய்யும் பட்டறைகள் வரலாமே? அறுவடைக் காலத்தில் டெல்டா முழுக்க பெல்ட் மிஷினும் டயர் மிஷினும் ஓடுகின்றன. ஒரு மிஷின் நடுவயலில் நின்றுவிட்டால் பார்ட்ஸுக்கும் மெக்கானிக்குக்கும் அலைய வேண்டியிருக்கிறது. கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், திருச்சி துவாக்குடியைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தை நம்பி வளர்ந்தன. தினம் போய்வரும் தூரத்தில் வேலை இருந்தால் ரூம் வாடகை மிச்சம், அப்பா அம்மாவும் தனியாக இருக்க வேண்டாம். அரசிடம் டெல்டாக்காரர்கள் கேட்க வேண்டிய தொழில் இந்த மாதிரிதான்.

வேலைக்குப் போனால் நிலத்தை என்ன செய்வது? நடவுக்கும் அறுப்புக்கும் வர முடியுமா?

நிலத்தை விற்றோ ஒத்திக்கு வைத்தோ பிள்ளையை வேலைக்கு அனுப்பாதீர்கள். காண்ட்ராக்ட் வேலை எட்டே மாதத்தில் முடியலாம். குத்தகைக்கு விடுவதானால் ஒவ்வொரு போகத்துக்கும் பேசி விடுங்கள்.

நடவுக்கு வருவது கஷ்டம். மேட்டூர் ஜூன் 12ல் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும், அந்த நேரத்துக்கு ஒரு வாரம் லீவு புது ஆளுக்குக் கிடைக்காது. சம்பா அறுப்பு தை, மாசியில். பொங்கலுக்கு ஆலைகள் சில நாள் மூடும், அதோடு நாலு நாள் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம். சொல்லாமல் வந்துவிடுவதுதான் தப்பு. சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் அப்படி வந்து வேலையை விட்டவர்கள் அதிகம். லீவு மறுத்தால் மிஷின் வைத்து அறுக்கச் சொல்லிவிட்டுப் பணத்தை அனுப்புங்கள்.

அடுத்த மந்தம் வருவதை எப்படி முன்கூட்டித் தெரிந்துகொள்வது? வந்தால் என்ன செய்வது?

லைனில் நிற்பவருக்குச் செய்தித்தாளுக்கு முன்பே தெரியும். முதலில் ஓ.டி. நிற்கும். யார்டில் வண்டி நெருக்கமாக நிற்கும். லைன் வேகம் குறையும், ஒரு வண்டிக்கு 2 நிமிஷம் இருந்தது இரண்டரை ஆகும். சனிக்கிழமை "பராமரிப்பு விடுமுறை" வரும். காலம் முடிகிற எஃப்டிஇ ஆட்களுக்குப் புது ஆர்டர் வராது. இதில் இரண்டு மூன்று சேர்ந்து கண்ணில் பட்டால் புது பைக் கடன் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள், பழைய நண்பர்களிடம் வேறு இடம் பற்றிக் கேட்டு வையுங்கள். விலை இறங்கும்போது விற்பனை ஏறுவதும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார், 350 சிசி வரை உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆனது, டிராக்டருக்கு 12லிருந்து 5 ஆனது. இந்த மாதிரி வரி மாற்றச் செய்திகளையும் கவனியுங்கள்.

போகச் சொல்லிவிட்டால், வெளியே வரும் முன் வேலை விட்ட சான்று, அனுபவச் சான்று, கடைசி மூன்று மாத பேஸ்லிப் ஆகியவற்றைக் கையில் வாங்குங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "நானாக ராஜினாமா செய்கிறேன்" என்று எழுதிக் கேட்டால், ஆட்குறைப்பு இழப்பீடு உங்களுக்கு உண்டா என்று சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ கேட்காமல் எழுதாதீர்கள். புதிய சட்டத் தொகுப்பில் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று இருக்கிறது. பிஎஃப் கணக்கில் வேலை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று ஃபோனிலேயே பாருங்கள், அது இல்லாவிட்டால் பணம் எடுக்கும்போது திண்டாட்டம். முடிந்தால் அந்தப் பணத்தை எடுக்காமல், அடுத்த கம்பெனியிலும் அதே யுஏஎன் எண்ணை (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்ணை) கொடுத்துத் தொடருங்கள்.